கரையாத மருந்தும் கஞ்சி வளையமும்

உங்களுக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள். அவளுக்குக் கொடுத்த மருந்தை உங்கள் அம்மா துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். இந்த இரண்டும் உங்கள் காதுக்கு எப்படியும் வந்திருக்கும். கல்யாண வீட்டிலோ எழவு வீட்டிலோ யாராவது சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள். சொன்னவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த மருந்து ஏன் தண்ணீரில் கரையவில்லை என்பது. எனக்கும் வெகுநாள் தெரியாது. தெரிந்த அளவுக்கு எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். தப்பு இருந்தால் பெரிய வகுப்புக்குப் போனதும் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை மலையாளத்துப் பக்கமிருந்து பிரிந்து நம்ம பக்கம் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் தென்காசியில் பாவடியில் கஞ்சி போடும் வேலையில் இருந்தேன். தறிக்குப் போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அதில் கஞ்சியைத் தடவி, பெரிய புருசால் நீவிவிட்டுக் காயவைப்போம். அப்படிச் செய்தால்தான் தறியில் நூல் அறாது. கஞ்சி காய்ச்சுவது என் பொறுப்பு. விடிவதற்கு முன்னாலேயே அடுப்பில் ஏற்றிவிடுவேன்.

உங்கள் அக்காவுக்கு அப்போது எட்டு வயது. முதலில் தொண்டை வலி என்றாள். அது தானாகப் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து ஒரு முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் மற்ற முழங்கால். அப்புறம் மணிக்கட்டு. விடாமல் காய்ச்சல். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்தினோம், அதனால் வந்த வாதம் என்று தெருவில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தொண்டையில் வந்த கிருமியினால் வருகிற காய்ச்சல் இது, மூட்டை நக்கிவிட்டு இருதயத்தைக் கடிக்கும் என்றார். ஊசி போட்டார். படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்றார். குடிக்க ஒரு மருந்து கொடுத்தார்.

அந்த முதல் மருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு மாதிரி அசட்டுத் தித்திப்பு. குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிடுவாள். எத்தனை தடவை கொடுத்தாலும் அப்படித்தான். வயிற்றில் தங்காத மருந்தால் என்ன பிரயோஜனம்? டாக்டர் அதை நிறுத்திவிட்டு ஆஸ்பிரினுக்கு மாற்றினார். சின்னப் பிள்ளை, மாத்திரையாக விழுங்க மாட்டாள் என்று கம்பவுண்டர் அதைப் பொடி பண்ணி, கோந்துத் தண்ணீரில் கலக்கி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைத்தால் கெட்டுப்போகும், தீரத்தீர வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நன்றாகக் குலுக்கிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னார். உங்கள் அம்மா அதைக் கேட்டாள். கேட்டபடி குலுக்கவும் செய்தாள்.

முதல் கரண்டியைக் குடித்ததுமே அக்கா முகத்தைச் சுளித்தாள். பல்லில் மணல் மாதிரி நறநறங்குது என்றாள். நான் கஞ்சிக் கையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "யப்பா, இத கொண்டுபோயி பாவுக்குப் போடுங்க. நூலு கெட்டியா நிக்கும்" என்றாள். படுக்கையில் கிடந்த அந்த நாட்களிலும் அவளுக்கு வாய் மட்டும் அடங்கவில்லை.

நம்ம வீடுகளில் அந்தக் காலத்தில் மருந்து என்றால் கஷாயம். சுக்கோ ஆடாதொடையோ போட்டுக் கொதிக்கவைத்தால் சாரம் தண்ணீரில் இறங்கிவிடும். சக்கையை வடித்துக் கொட்டிவிடுவோம். சக்கையோடு குடிக்கக் கொடுத்தால் கொடுத்தவளைத்தான் திட்டுவார்கள். உங்கள் அம்மா இந்த மருந்தையும் அப்படித்தான் பார்த்தாள். குலுக்கச் சொன்னது எதற்கு? பொடியில் இருக்கிற சாரம் தண்ணீரில் இறங்குவதற்கு. நன்றாகக் குலுக்கி, கொஞ்ச நேரம் தெளியவைத்து, வெள்ளைத் துணியை மடித்துக் கட்டி இறுத்தாள். கீழே தங்கிய வெள்ளை மாவைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றிவிட்டாள். தெளிவை மட்டும் கரண்டியில் எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா முகம் சுளிக்காமல் குடித்தாள். வாந்தி நின்றுவிட்டது. எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. நான்கூட டாக்டர் நல்ல மருந்தாகத்தான் மாற்றியிருக்கிறார் என்று பாவடியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. வீக்கமும் ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் இப்படியே போனது. பிறகு படுத்திருக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாட்டு வண்டியில் மெத்தை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்து வெகு நேரம் கேட்டார். மருந்து வயிற்றில் தங்குகிறதா, வாந்தி உண்டா என்று உங்கள் அம்மாவிடம் விசாரித்தார்.

"இல்ல டாக்டர், ஒரு நாள்கூட இல்ல" என்றாள் உங்கள் அம்மா. "ஒரு துளி வண்டல் விடாம வடிச்சுத்தான் குடுக்கேன். தண்ணி கணக்கா இருக்கும்."

டாக்டர் குழலைக் காதிலிருந்து எடுத்தார். "எதம்மா வடிச்சீங்க?"

"அடியில தங்குதுல்லா, அந்த மாவு. நல்லா குலுக்கி, சாரமெல்லாம் எறங்கின பொறவுதான் வடிப்பேன்."

"மாவை என்ன செஞ்சீங்க?"

"அங்கணத்துல கொட்டிருவேன்."

கம்பவுண்டர் கையில் வைத்திருந்த தட்டைக் கீழே வைத்தார். டாக்டர் சத்தம் போடாமல்தான் சொன்னார்: "அந்த மாவுதாம்மா மருந்து."

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. டாக்டர் மேசையில் கண்ணாடிக் குண்டு ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பூ. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா அழவில்லை. அக்காவின் பாவாடையை இழுத்து முழங்காலை மூடிவிட்டாள்.

அதற்கப்புறம் மாவோடுதான் கொடுத்தோம். மூட்டு வீக்கம் மளமளவென்று வற்றியது. காய்ச்சலும் நின்றது. மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் இறந்துபோனாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மருந்து காய்ச்சலையும் வலியையும் இறக்கும், இருதயத்தை இது காப்பாற்றியிருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, முதலிலிருந்தே முழுசாகக் கொடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. பதினாறாம் நாளன்று என் சொந்தத்தில் ஒருத்தி பந்தியில் உட்கார்ந்துகொண்டு, காதில் விழும்படியே, "ஊரு ஒலகத்துல மருந்து குடுத்துப் பாத்திருக்கோம், வடிச்சுக் கொட்டிப் பாத்ததில்ல" என்றாள். உங்கள் அம்மா அவள் இலைக்கும் சோறு வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

நான் மறுவாரமே கஞ்சி காய்ச்சப் போய்விட்டேன். கை அதுபாட்டுக்குக் கிண்டியது. அந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

பிறகு நீங்கள் இரண்டு பேரும் பிறந்தீர்கள். உங்களை வளர்ப்பதில் உங்கள் அம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மருந்துப் பாட்டிலை மட்டும் தொட மாட்டாள். சளி மருந்தோ பூச்சி மருந்தோ, எதுவானாலும் பாவடிக்கு ஆள் அனுப்புவாள். நான் வந்து ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கஞ்சிக்கு மாவு வாங்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தேன். உங்களில் சின்னவனுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். மருந்து மாடத்தில் இருந்தது. நான் வரட்டும் என்று அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பஸ் கிடைக்காமல் நான் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் சின்னவனுக்குக் கை காலெல்லாம் இழுப்பு வந்து கண் சொருகிப்போய், பக்கத்து வீட்டு மைனி ஓடிவந்து ஈரத் துணி போட்டு, மருந்தை ஊற்றியிருக்கிறாள். நான் வாசலில் ஏறும்போது மைனி என்னைப் பிடித்துக்கொண்டாள். "கொழுந்தனாரே, இன்னொரு வாட்டி இப்படி உக்காந்திருந்தான்னா இந்தப் பிள்ளையும் தங்காது. சொல்லிட்டேன்."

அது எனக்கும் தெரிந்தது. வடித்துக் கொடுத்ததால் ஒரு பிள்ளை போனது என்று உங்கள் அம்மா நினைத்தாள். இனி ஊற்றிக் கொடுக்கப் பயந்தே இன்னொன்று போய்விடும். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். "சரி" என்பாள். பாட்டிலைத் தொட மாட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு சாரல் காலத்தில் ஒரு சார் வந்தார். மெட்ராஸில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவர். சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். லுங்கி வாங்கத் தென்காசிக்கு வந்தவர் பாவடியில் நின்றுவிட்டார். சாரல் காலத்தில் பாவு சரியாகக் காயாது. மிஞ்சின கஞ்சியும் சீக்கிரம் புளித்துப்போகும். புளித்தால் பசை விட்டுவிடும், தண்ணீராக ஓடும், நூலில் பிடிக்காது. அப்படிக் கெட்டுப்போன ஒரு பானையைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனேன். "அண்ணாச்சி, கொட்டாதீங்க, அது ஏன் தண்ணியா ஓடுதுன்னு தெரியுமா?" என்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கஞ்சி என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீளமான சரம். ஒரு மணி தனியாக இருந்தால் தித்திக்கும். நூற்றுக்கணக்கில் கோத்துவிட்டால் தித்திப்புப் போய்ப் பசையாகிவிடும். கஞ்சி புளிக்கும்போது கிருமிகள் அந்தச் சரத்தைத் துண்டு துண்டாக அறுக்கின்றன. அதனால்தான் தண்ணீராகிறது. இந்தச் சரம் நேராக நிற்காது, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கும் என்றார். அதற்குச் சாட்சி வேண்டுமா என்று சிரித்தார். என் விரலில் காயத்துக்கு டிஞ்சர் அயோடின் தடவியிருந்தேன். அந்த விரல் கஞ்சியில் பட்டுக் கருநீலமாக இருந்தது. இது நாங்கள் தினம் பார்க்கிற சங்கதி. அயோடின் அந்தச் சுருளுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் நிறம் மாறுகிறது என்றார். ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காருவதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அப்புறம் சொன்னார், ஒரு வகைக் கிருமி இருக்கிறதாம். அது சரத்தை அறுப்பதோடு விடாது. அறுத்த துண்டின் இரண்டு நுனியையும் சேர்த்து வளையமாக முடிந்துவிடும். ஆறு சர்க்கரை மணி, ஏழு மணி, எட்டு மணி என்று வளையங்கள். அடி கழன்றுபோன உழக்குப் படியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் திறப்பு, ஒரு வாய் கொஞ்சம் அகலம். அதன் வெளிப்பக்கத்துக்குத் தண்ணீர் பிடிக்கும். அதனால் வளையம் தண்ணீரில் கரையும். உள்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி, தண்ணீரோடு ஒட்டாது. வெளிநாட்டில் சிலர் இதை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், தண்ணீரில் கரையாத மருந்துகளை இதற்குள் உட்காரவைக்கிறார்கள் என்றார்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டேன். "சார், ஆஸ்பிரின் உள்ள போகுமா?"

எதற்குக் கேட்கிறேன் என்று அவர் விசாரித்தார். நான் சொன்னேன். பிறகு கரித்துண்டை எடுத்து, கஞ்சித் தொட்டியின் விளிம்பில் ஒரு அறுகோணம் வரைந்து வால் போட்டார்.

ஆஸ்பிரின் ஒரு அமிலமாம். வாலில்தான் அமிலம் இருக்கிறது. அந்த வாலுக்குத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் தலைப்பக்கம் ஆறு கரி அணு சேர்ந்த தட்டு. அதற்குத் தண்ணீரே ஆகாது. தலை ஜெயித்துவிடுகிறது, அதனால் கொஞ்சம்தான் கரையும், மிச்சம் அடியில் தங்கும். அந்தக் கொஞ்சம் தெளிவோடு அக்காவுக்கும் போயிருக்கும், ஆனால் போதாது என்றார். இனி ஏழு மணி வளையத்தைக் கொண்டுவந்து அதே தண்ணீரில் போட்டால் என்ன நடக்கும்? வளையத்தின் வயிற்றுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொண்டு, பிடிக்காத வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆஸ்பிரினின் தலை உள்ளே நுழையும். உள்ளே இருந்த தண்ணீர், விட்டால் போதும் என்று வெளியே ஓடும். தலை உள்ளே, அமில வால் வாயருகே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. வெளியே இருந்து பார்த்தால் தண்ணீருக்கு வளையம் மட்டும்தான் தெரியும், அதனால் மொத்தமாகக் கரைந்துவிடும். ஆறு மணி வளையம் இந்தத் தலைக்குக் கொஞ்சம் இறுக்கம், எட்டு மணி தொளதொளப்பு.

முடிச்சுப் போட்டுக் கட்டிவைப்பார்களா என்று கேட்டேன். இல்லையாம். முடிச்சே கிடையாது. போகும், வரும், போகும், வரும். எந்நேரமும் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே. மனுஷன் வயிற்றுக்குள் போனதும் நிறையத் தண்ணீரில் கலந்து, மருந்து பழைய மருந்தாகவே வெளியே வந்துவிடும். மருந்து மாறுவதில்லை. நாக்குக்கும் அதன் ருசி அவ்வளவாகத் தெரியாது. முதலில் கொடுத்தார்களே தெளிந்த மருந்து, அது எப்படிக் கரைந்தது என்றும் கேட்டேன். அது இதே இன அமிலத்தோடு சோடா சேர்த்த உப்பு, வாலுக்கு மின்சாரம் ஏறிய மாதிரி, தண்ணீர் அதை இழுத்துக்கொள்ளும். வளையமே வேண்டாம், வளையத்துக்குள் போய் அவ்வளவு நன்றாக உட்காரவும் உட்காராது. ஆனால் நாக்கிலும் வயிற்றிலும் படுத்துகிற பாட்டைத்தான் பார்த்தீர்களே என்றார்.

அந்த வளையம் எங்கே கிடைக்கும் என்றேன். கடையில் கிடைக்காது, ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் துளியூண்டு இருக்கும், மனுஷன் அதைத் தின்னலாமா கூடாதா என்றே இன்னும் முடிவாகவில்லை என்றார். என்னிடமிருந்து ஒரு பாட்டில் புளித்த கஞ்சி வாங்கிக்கொண்டு போனார். அதில் அந்தக் கிருமி இருக்குமா என்று பார்க்கப் போகிறாராம். இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திரும்ப வரவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கையால் வளையம் காட்டி, இன்னொரு கை விரலை அதற்குள் விட்டுக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினாள். நான் கையைக் கழுவும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த வளையத்த துணியில வடிச்சா தங்குமா?"

"தங்காது. துணி ஓட்டைக்கு அது ஒண்ணுமே இல்ல. கரைஞ்ச எதுவும் துணியில தங்காது."

"அப்ப வடிச்சிருந்தாலும் மருந்து அவ வயித்துக்குப் போயிருக்கும்."

"போயிருக்கும்."

அவள் எச்சில் தட்டை எடுத்தாள். "உப்பு கரையுது, சீனி கரையுது, கஷாயம் எறங்குது. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்" என்றாள். அக்கா போனபிறகு அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்றேன். அது உண்மை. அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். எனக்குப் பாரம் இறங்கின மாதிரியும் இல்லை, கூடின மாதிரியும் இல்லை. சாப்பிட்ட வயிறு, தூக்கம் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து உங்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. யாருக்கு என்று நினைவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார்கள், சீமைச்சுண்ணாம்பைக் கலக்கின மாதிரி. பாவடிக்கு ஆள் வந்தது. நான் போய்ப் பார்த்தால், பாட்டில் உங்கள் அம்மா கையில் இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது கரையுமா, கரையாதா?" என்றாள்.

மேலே தெளிவாகவும் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாகவும் இருந்தது. "கரையாதது" என்றேன். வாங்குவதற்குக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. மூடியை இறுக்கிக்கொண்டு குலுக்கினாள். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாள். அடியில் ஒன்றும் ஒட்டவில்லை என்று பார்த்ததும், அது மறுபடி தங்குவதற்குள் கரண்டியில் ஊற்றி, பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை துப்பப் பார்த்தது. வாயைப் பொத்தி விழுங்கவைத்தாள். கரண்டியில் ஒட்டியிருந்த வெள்ளையைத் துளி தண்ணீர் விட்டு விரலால் அலசி, அதையும் கொடுத்தாள்.

பிறகு பாட்டிலை மாடத்தில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். நான் பாவடிக்குத் திரும்பினேன். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.